பெடலில் ஒட்டிய சப்பாத்து

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாயாவில் ஈப்போ அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரைவராக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பழைய கார் மழையில் கிடந்து பாழாகிவிட்டது. அது தனக்கு வேண்டும் என்றார் ஒரு ஜப்பானிய அதிகாரி. அதை ஓட வைக்க எனக்கு நாலு நாள் கெடு. தவறினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

உளுத்த அடிப்பலகைகளைக் கழற்றிவிட்டு, பெட்டிப் பலகைகளை அறுத்துப் பொருத்தினேன். பெடல்களுக்கு மாட்ட ரப்பர் உறைதான் எங்கும் கிடைக்கவில்லை.

"என்னா அண்ணே, ரப்பர் தோட்டத்துல உக்காந்துகிட்டு ரப்பருக்கு அழுவுறீங்க?" என்றான் ஆட்களை வேலை வாங்கும் எங்கள் தண்டல் மாரி.

அதுவும் சரிதானே! புகை போடாத பச்சை ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டினேன். காலைக் குளிரில் மிதித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

கெடு நாளில் காரை வாங்கிக்கொண்ட அதிகாரி மத்தியான வெயிலில் அதை ஓட்டிவந்து, வேலையாட்கள் வரிசையாக நின்ற இடத்தில் பிரேக் போட்டார். இறங்கப் போனார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. இஞ்சின் சூட்டில் இளகிய ரப்பர் அதை விடவில்லை!

அவரைக் கண்டால் எல்லோரும் குனிந்து வணங்க வேண்டும் என்பது கட்டளை. குனிந்தால் கண்ணுக்கு நேரே தெரிவது கால்தானே? கிழிந்த காலுறையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நிமிர்ந்தால் செத்தேன் என்று குனிந்தே நின்றேன். தோள் மட்டும் குலுங்கியது.

"பயத்துல அழுவுறாரு, துவான்," என்று மாரி மலாயில் சொல்லிவைத்தான். அதிகாரி மனமிரங்கி என் முதுகில் தட்டிவிட்டு, ஒற்றைச் சப்பாத்தோடு நடந்தார்.

இன்றும் யார் காருக்காவது பெடல் ரப்பர் போட்டால், உச்சி வெயிலில் சப்பாத்து மாட்டி நானே ஓட்டிப் பார்த்துதான் கொடுக்கிறேன். அன்று மட்டும் ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொள்வேன்.