சர்க்கரைக்குச் சுற்றிய கோயில்

ஆறு வருடமாக ஒரு நாள் விடாமல் நடக்கிறாயே, எப்படி முடிகிறது என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவேன். மன உறுதியும் கிடையாது, மண்ணும் கிடையாது. மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சர்க்கரை இருப்பது தெரிந்ததும், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். உத்திரமேரூர் போகும் ரோட்டில் நடந்து பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா ரோட்டில் நடந்துவிட முடியுமா? பத்தடிக்கு ஒரு பைக் நின்றது. "இன்னாக்கா, பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறு, நான் கொண்டாந்து வுட்றேன்." வேண்டாம் என்றால், வீட்டில் சண்டையோ என்று முகத்தை உற்றுப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே தெருமுனை அம்மன் கோயிலுக்கு மாறிவிட்டேன். கோயிலைச் சுற்றுகிறவளை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. காலையில் அரை மணி நேரம், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, செல்போனில் நேரம் பார்த்துச் சுற்றினேன்.

அப்போது என் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. பூ விற்கிற பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு வேண்டிக்கினியாக்கா?" என்று கேட்டாள். இல்லை, சர்க்கரைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சாமி பேரைச் சொல்லி உடம்பைக் குறைக்கிறாள் என்று ஊர் சிரிக்கும். தலையை ஆட்டிவைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

அதன் பிறகு எனக்கு லீவே கிடையாது. காய்ச்சலில் படுத்தால், "இன்னிக்கு சுத்தலயா?" என்று வாசலிலேயே விசாரணை. மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. எந்த நாள் நான் சுற்றாமல் விட்டேன் என்று கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனாலும் மறுநாள் காலையில் கோயிலில் நிற்பேன். சர்க்கரை என்னவோ கட்டுக்குள்தான் இருந்தது.

போன மாதம் முட்டி வீங்கிவிட்டது. எலும்பு தேய்ந்திருக்கிறது, மூன்று மாதம் நடையே கூடாது என்றார் டாக்டர். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். இந்த முறைதான் கரு இவ்வளவு நாள் தங்கியிருக்கிறது. தினமும் காலையில் போன் வந்துவிடும்: "எம்மா, சுத்திட்டியா?"

அதற்கு மேல் தாங்கவில்லை. வாலாஜாபாத்தில் அவள் வீட்டுக்கே போய், கொடுத்த காபியைக் குடிக்காமலே சொல்லிவிட்டேன். "உனக்கோசரம் வேண்டிக்கினு சுத்தலடி. சுகருக்குத்தான் நடந்தேன். இப்ப முட்டி வீங்கிட்ச்சி, டாக்டரு நடக்கவே கூடாதுன்ட்டாரு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அது எனக்கு அப்பவே தெரியும்மா. உன் மாத்திர டப்பாவ நான் பாத்ததில்லயா? முட்டி வலிச்சா வுட்டுடு. நான் இன்னா சொல்லப்போறேன்?"

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. காபியைக் கையில் எடுத்தேன். அவள் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஆனா நாளைக்கு எதுனா ஒண்ணு ஆயிட்ச்சின்னா, உன்ன நீ சும்மா வுட்டுடுவியாம்மா?"

மறுநாள் விடிந்ததும் முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் நின்று, ஆறு வருடத்தில் முதல் முறையாக, மகளுக்காக வேண்டிக்கொண்டேன். பிறகு சுற்ற ஆரம்பித்தேன்.