பூனைக்கு ஒரு லெ, மீனுக்கு ஒரு லெ

பிரெஞ்சில் மேசை பெண்பால், கத்தி ஆண்பால். போகட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் இன்ன பொருள் என்று தெரிந்துவிட்டால், அதன் முன்னால், இங்கிலீஷ் ‘தி’ மாதிரி, ஒரு ‘லெ’யோ ‘லா’வோ ஒட்ட வேண்டுமாம். அந்த ஒட்டுதான் என் உயிரை வாங்கியது.

நான் தூத்துக்குடியில் நர்ஸ். பிரான்சில் ஒரு மருத்துவமனையில் வேலை தயாராக இருந்தது. மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. ஆன்லைனில் பாடம் நடத்திய சென்னை வாத்தியாரோ வகுப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “தமிழ்லயே ஆர்ட்டிகிள் கிடையாது மேடம். அதுவும் உங்க ஊர்த் தமிழ்! உங்களுக்கு இது ஏறாது. நாளைக்கு ஒரு கேள்வி கேக்கறேன். தப்பா சொன்னா இந்தத் தடவை தேர்வு வேண்டாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசை, சாவி, ஜன்னல், எங்கள் வீட்டில் சமையலறைக்குச் சொல்லும் குசினி எல்லாமே போர்த்துக்கீசியக் கப்பலில் வந்திறங்கிய சொற்கள். அந்த மொழியில் அவற்றின் முன்னால் ஒட்டியிருந்த குட்டிச் சொல்லை மட்டும் எங்கள் ஆட்கள் கப்பலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேவைப்படவில்லை, அனுப்பினார்கள். இதில் என்ன கேவலம்?

மறுநாள் காலை குசினியில் விளைமீனை வெட்டி வைத்துவிட்டு, வாத்தியாரைத் திட்டிக்கொண்டே லெ, லா என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

“ஏளா, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? பூன மீனத் தூக்கிட்டுப் போயிட்டு!”

துரத்திக்கொண்டு ஓடியவள் பாதியில் நின்றேன். மீனை! பூனை மீன் தின்னும் என்றால் ஏதோ மீன். மீனைத் தின்றுவிட்டது என்றால் அது என் மீன், மதியக் குழம்புக்கு வாங்கிய மீன். அவர்கள் முன்னால் ஒட்டுவதை நாங்கள் பின்னால் ஒரு ‘ஐ’யாக ஒட்டுகிறோம். அவ்வளவுதானே! யாருக்கு ஏறாதாம்?

சாயங்காலம் வாத்தியார், மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார்.

“வெறும் ரசம். மீனைப் பூனை தின்றுவிட்டது” என்று பிரெஞ்சிலேயே சொன்னேன். பூனைக்கு ஒரு லெ, மீனுக்கு ஒரு லெ.

“ஏதோ ஒரு பூனைதானே மேடம்? அதுக்கு லெ வராது” என்றார், பிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

“ஏதோ ஒரு பூனையா? தினமும் எங்க வீட்டுல திருடுத பூன சார் அது! தெருவுக்கே தெரியும். லெதான்.”

வாத்தியார் பட்டியலில் என் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு, “சரி, தேர்வு எழுதுங்க” என்றார்.

“எழுதுதேன் சார்” என்றேன், எங்கள் ஊர்த் தமிழில்.