ஜனவரிக்கு முன்னால் வெட்டாதே

"புல்லு எது, பூ எதுன்னு தெரியாத ஆளை டிராக்டர்ல ஏத்தினா இப்படித்தான்!"

கவுன்சில் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் வின்னி பார்ஃபிட் சொன்ன இந்தச் சொல்லை, கவுன்சிலுக்குப் புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிற கிளெம் ஹாடோ பதினோரு வருஷம் மறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பழைய ரயில்வே நிலத்தை அக்டோபரில் வெட்டு என்று ஆபீஸ் சீட்டு கொடுத்தது. வெட்டினான். உள்ளே அரிய மஞ்சள் லில்லி பூத்துக் கிடந்ததாம். சீட்டு எழுதினவனை யாரும் கேட்கவில்லை. பேச்சு வாங்கினது இவன்.

வின்னி முப்பத்திரண்டு வருஷம் வாரிங்கல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்றபிறகு மாசாமாசம் கவுன்சிலில் முதல் நாற்காலி அவளுடையது. ஊர்க்காரர் யார் எழுந்தாலும் பேச மூன்று நிமிஷம், அப்புறம் மணி. கவுன்சிலர்கள் அவள் கொண்டுவரும் பழக் கேக்கைத் தின்றுவிட்டு அவளுக்கு எதிராகவே கை தூக்குவார்கள். அடுத்த மாசமும் கேக் வரும். மேயர் ராஸ் கெம்ப்ஸ்டர் மணியில் கை வைத்தால், "ராஸ், நேரா உக்காரு. என் பஸ்ல மூணாவது சீட்ல வாந்தி எடுத்தவன்தானே நீ?" என்பாள்.

கிளெமுக்கு வீம்பு. எனக்கா தெரியாது? அடுத்த அக்டோபரில் அந்த நிலத்துக்குள் இறங்கி ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தான். வரப்போகும் கோடைத் தீக்குப் பயந்து வேலியோரம் மட்டும் ஒரு பட்டை வெட்டினான். உள்ளே இருந்ததை விதை கொட்டியபிறகு, ஜனவரியில் வெட்டினான். சீட்டில் மட்டும் அக்டோபரிலேயே 'முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தான். வருஷாவருஷம் இதே கதைதான். வின்னியிடம் மூச்சு விடவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பதினோராவது அக்டோபரில் அந்த நிலத்தை லாரி நிறுத்த விற்பதாகத் தீர்மானம் வந்தது. வருஷாவருஷம் பூக்காலத்திலேயே வெட்டப்படுவதால் அங்கே காக்க ஒன்றுமில்லை என்றது அறிக்கை.

"இப்பப் போய்ப் பாருங்க, மஞ்சளாக் கெடக்கு!" என்றாள் வின்னி.

"அது வெறும் களை, வின்னி. வெட்டின சீட்டெல்லாம் ஆபீஸ்ல இருக்கு," என்றார் மேயர். மணி அடித்தது.

பின்னால் டீ டிரம் பக்கத்தில் நின்றிருந்தான் கிளெம். நாற்காலி போடுவதும் அவன் வேலைதான். வாயைத் திறந்தால் பதினோரு பொய்ச் சீட்டு வெளியே வரும். வயது ஐம்பத்து மூன்று, படிப்பு எட்டாவது. இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை.

"நானும் ஊர்க்காரன்தானே? எனக்கும் மூணு நிமிஷம் உண்டுல்ல?"

எல்லாத் தலையும் திரும்பியது.

"அக்டோபர்ல அதை நான் வெட்டுறதே இல்லை. வேலியோரம் மட்டும்தான். சீட்டுல பொய் எழுதினது நான். அது களையும் இல்லை, லில்லி. வாங்க, காட்டுறேன்."

சூப்பர்வைசர் முகம் சிவந்தது. வின்னி நாற்காலியோடு திரும்பினாள்.

"ஏம்ப்பா, இதை என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே."

மன்றமே சிரித்தது. மறுநாள் காலையில் கவுன்சிலர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தார்கள். ஐந்துக்கு இரண்டு ஓட்டு: நிலம் விற்பனைக்கில்லை. ஆபீஸ் சீட்டிலும் அக்டோபர் ஜனவரியானது. கிளெமுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தான்.

வின்னி ஒரு முழுக் கேக்கோடு வீட்டுக்கு வந்தாள். "மன்னிப்புக் கேக்க வரலை. அந்த வருஷம் நீ வெட்டினது வெட்டினதுதான்."

"நானும் கேக்கச் சொல்லலையே. உள்ள வாங்க."

இரண்டு வருஷம் கழித்து, ஆகஸ்டில், ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூப்பிட்டனுப்பினாள். கல்லறைத் தோட்டத்தில் லில்லி நிலத்து வேலியை ஒட்டித் தனக்கு இடம் வாங்கிவிட்டாளாம். குரல் இறங்கியிருந்தது, அதிகாரம் இறங்கவில்லை.

"கிளெம், அந்த விதையெல்லாம் வேலி தாண்டி என் பக்கம் வரும். என் மேலயும் ஜனவரிக்கு முன்னாடி பிளேடைக் கொண்டுவராதே."