பதினாறும் அறுபத்து நாலும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் கௌஸ் பாஷா ஒரே ஆளின் பக்கத்தில் இரண்டு நாள் தொடர்ந்து உட்கார்ந்தது கிடையாது. நேற்று என்னிடம் கதை பேசியவர் இன்று ராஜப்பனிடம் போய்த் தெலுங்கில் தக்காளி விலை விசாரிப்பார். நாளை கங்கப்பனோடு கன்னடம். மகள் வஜிஹாவின் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரையும் எங்கள் ஷிப்ட் ஆட்களையும் மாற்றி மாற்றி உட்கார வைத்து, அவர் சம்பந்தியிடமே திட்டு வாங்கினார்.

எல்லாம் தொழில் கொடுத்த பழக்கம். பத்தொன்பது வருஷம் கியருக்குப் பல் வெட்டியவர். ஜோடி கியரில் சின்னதன் ஒவ்வொரு பல்லும் பெரியதன் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்க வேண்டும், அப்போதுதான் தேய்மானம் சமமாக இருக்கும் என்பது பாடம். மற்றவர்களுக்கு அது பாடம், பாய்க்கு அது மார்க்கம். சின்னதன் எண்ணிக்கையால் பெரியது மீதியில்லாமல் வகுபடும்படி ஒரு வரைபடம் வந்தால், டிசைன் ஆபீசுக்கே நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

நான் அதே கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். 2005இல் ஒரு பழைய நாலு சிலிண்டர் காரை வாங்கி, வருஷத்துக்கு மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் உத்தனப்பள்ளிப் பக்கம் வறண்ட ஏரிக்குள் நடக்கும் மண் ரேஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டினேன் என்பதைவிடத் தோற்றேன் என்பதே சரி. கடைசியில் என் மனைவி லாவண்யாவிடம் ஒரு வாக்குக் கொடுக்கும்படி ஆனது. வருஷத்தின் கடைசி ரேஸில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் காரை விற்றுவிடுவேன்.

பாய் என்னைவிட அந்தக் காரை நேசித்தார். சேதி கேட்டதும் ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு ஏரிக்கு வந்து, வளைவு வளைவாக நின்று பார்த்தார். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி அளந்தார். வியாதி பிடிபட்டது. வளைவிலிருந்து வெளியே வரும்போது செகண்ட் கியரில் இஞ்சின் தூங்குகிறது. பர்ஸ்டுக்கு இறக்கினால் தொண்டை கிழியக் கத்துகிறது. செகண்டிலேயே சுற்று முழுக்க ஓட வேண்டுமென்றால், சக்கரத்துக்குப் போகும் கடைசி ஜோடி கியரை மாற்ற வேண்டும். இருந்தது பதினேழும் அறுபத்து மூன்றும். தேவைப்பட்டது சரியாக ஒன்றுக்கு நாலு. அந்தக் கியர்ப் பெட்டிக்குள் இரண்டுக்கும் சேர்த்து எண்பது பல்லுக்குத்தான் இடம்.

அதாவது பதினாறும் அறுபத்து நாலும். பாய் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சின்னதன் ஒரு பல்லுக்கு வாழ்நாள் முழுக்க அதே நாலு பல்தான் வாய்க்கும்.

“வேற யாராச்சும் வெட்டிக் குடுக்கட்டும் தம்பி. என் கையால ஆவாது” என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் பத்து நாள் பஸ்ஸில் அவரைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினோராம் நாள் மடியில் ஒரு பொட்டலம் வந்து விழுந்தது. கனமாக இருந்தது. மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஷிப்ட் முடிந்தபின் வெட்டிய பதினாறும் அறுபத்து நாலும். ஒவ்வொன்றிலும் ஒரு பல்லில் மஞ்சள் பெயிண்ட் பொட்டு.

“ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் கழட்டி, ஒரு பல்லு தள்ளி மாட்டணும். சம்மதம்னா வச்சிக்க” என்றார். அதுகள் தானாகச் சந்திக்காவிட்டால் இவர் சந்திக்க வைப்பாராம். தலையாட்டி வைத்தேன். மாட்டும் வேலையை நானே செய்தேன்.

கடைசி ரேஸ் இரண்டு நாள். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் கார் செகண்ட் கியரை விட்டு இறங்கவேயில்லை. இரண்டாவதாக வந்தேன். சந்தோஷத்தில் டீ குடித்துத் திரும்பினால், பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் கிடக்கிறார். தகுதிச் சுற்றும் அவர் கணக்கில் ஒரு ரேஸ்தான்.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற நாலு மணி நேரம் ஆகும். மறுநாள் பைனல். நன்றாக ஓடும் வண்டியில் எதற்குக் கை வைக்கிறீர்கள், உங்கள் கிறுக்குக்கு என் கார்தானா கிடைத்தது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் பாட்டுக்கு ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்ததும் அவர் கை நின்றது. பெரிய கியரைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் இரண்டு, விரலால் தொட்டாலே சுற்றின. இன்னும் நாலு சுற்று ஓடியிருந்தால் பெட்டி சிதறியிருக்கும். முறுக்கியவன் நான். இன்ஸ்பெக்ஷன்காரன்.

பாய் என்னைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சை என்னிடம் நீட்டினார். நான் ஒவ்வொன்றாக முறுக்கி முடிக்கும்வரை கூட்டத்துக்கும் எனக்கும் நடுவில் மறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு மஞ்சள் பொட்டை ஒரு பல் தள்ளி வைத்து மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் மூன்றாவதாக வந்தேன். நாலாவது ஆள் அரை கார் நீளம் பின்னால். லாவண்யா கைதட்டியதை நானே பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் பாய் வந்து ஒரு பல் தள்ளிவிட்டுப் போனார். முறை முழுதும் வர பதினாறு ரேஸ் ஆயிற்று. 2009 மார்கழியில் ஒரு டப்பா ஜிலேபியோடு வீட்டுக்கு வந்தார்.

“எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் பார்த்தாச்சும்மா” என்று லாவண்யாவிடம் நீட்டினார்.

“அப்ப வண்டிய வித்துரலாமா பாய்?” என்றாள் அவள், ஒரு ஜிலேபியை எடுத்தபடி.

பாய் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“முந்தாநேத்து ரேஸ் முடிஞ்சதும் இன்னொரு பல்லு தள்ளிட்டேம்மா” என்றார். “பாதில விட முடியாது.”