கேசட்டைத் தானே திருப்பும் டெக்

பல் பார்க்கும்போது டாக்டர் ஜெபசுதா கை வேலையைப் பாதியில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நிறுத்தினாள். வேர் சிகிச்சைக்கு வந்திருந்த பானுப்ரியா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த கேசட் டெக்கைப் பார்த்து, எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. தூத்துக்குடியில் கப்பல்காரர்கள் இருந்த வீடுகளில் எல்லாம் ஒரு காலத்தில் ஏதாவது ஒரு டெக் இருந்ததுதான்.

"ஆனா எங்க அப்பாக்குள்ளது கேசட்டைத் தானே திருப்பிப் போடும் டாக்டர். ஒரு பக்கம் முடிஞ்சதும் வெளிய வரும், சுத்தும், மறுபடி உள்ள போயிரும்."

ஜெபசுதா கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, முகமூடியை இறக்கி, எந்த ஊர் என்று கேட்டாள். ஏரல் என்றாள் பானுப்ரியா. பஜாரில் பாத்திரக்கடை. அப்பா பெயர் சிவனணைந்தபெருமாள்.

பன்னிரண்டு வருடமாக ஜெபசுதா படத்தில் மட்டும் பார்த்துவந்த டெக் அது. தானாக மறுபக்கம் போகும் மற்ற டெக்குகள் டேப்பைப் பின்னோக்கி ஓட்டி மறுபக்கத்தை வாசிக்கும்; அதில் டேப்பைத் தொட்டு வாசிக்கும் ஹெட் ஒரு மயிரிழை விலகினாலும் பாட்டு மங்கிப்போகும். இதைச் செய்த ஜப்பான்காரனோ அந்த வம்பே வேண்டாம் என்று, மனிதன் கையால் எப்படித் திருப்பிப் போடுவானோ அப்படியே கேசட்டைத் திருப்பிப் போட ஒரு இயந்திரத்தைக் கட்டிவிட்டான். அப்படி ஒன்று முப்பது கிலோமீட்டர் தள்ளி ஏரலில் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அவளைத் தெரிந்தவர்கள் இதைப் பழசின் மேல் உள்ள மோகம் என்பார்கள். அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். நாசரேத்தில் அவள் வளர்ந்த வீட்டில் இருந்தது ப்ளே பட்டன் உடைந்த ஒரு டேப் ரெக்கார்டர். வாரம் ஒரு கேசட்டைத் தின்றுவிடும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி, கேசட் என்றாலே அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு பெங்களூர் போன ஒரு கப்பல் ரேடியோ ஆபீசர், மாடியில் சும்மா கிடந்த டெக்கை அவளுக்குத் தந்துவிட்டுப் போனார். பதினோரு கிலோ கனம். உள்ளே மூன்று ஹெட். ஒன்று அழிக்கும், ஒன்று பதியும், மூன்றாவது பதிந்ததை அந்த நொடியே வாசித்துக் காட்டும். முன்னால் ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் தட்டினால் உள்ளே போகிற பாட்டு, அந்தப் பக்கம் தட்டினால் டேப்பில் ஏறி வெளியே வருகிற பாட்டு.

அன்று மதியம் முழுக்க அவள் அந்தச் சுவிட்சைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் எது எதென்று சொல்ல முடியவில்லை. நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு பழுப்பு ரிப்பனில் மொத்தப் பாட்டும் ஒரு துளி சிந்தாமல் உட்கார்ந்திருந்தது. அவள் எழுந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

இப்போது தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் அவள் வீட்டில் ஐந்து டெக்குகள் இருக்கின்றன, கிளினிக்கில் ஒன்று. போனில் கோடிப் பாட்டு கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கணவன் ஷாம் ஒருமுறை கேட்டான். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவந்து கட்டும் டக் படகை ஓட்டுகிறவன் அவன். பாட்டு கிடைக்கும் அத்தான், நான் பதிஞ்சது எனக்குப் போன்ல கிடைக்குமா என்றாள் அவள். ஒலி காட்டும் முள் சிவப்பைத் தொட்டும் தொடாமலும் ஆடுகிற மாதிரி அளவு வைத்து, சர்ச் பாடகர் குழுவின் ஒத்திகையைப் பதிந்து முடித்ததும் அவள் முகத்தில் தெரிகிற மினுக்கத்தைப் பார்த்தவன் என்பதால், அவன் அப்புறம் கேட்கவில்லை.

பானுப்ரியா சொன்ன மறுநாளே, மத்தியான நோயாளிகளை எல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு, ஜெபசுதா ஏரலுக்குக் காரை விட்டாள்.

சிவனணைந்தபெருமாளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பாத்திரக்கடை வைப்பதற்கு முன்னால், எண்பதுகளில், அதே கடையில் கேசட் பதிவு செய்துகொடுக்கும் தொழில் நடத்தியவர். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல் அதிகாரியிடம் வாங்கிய டெக் அது. கடைக்கு மேலே மாடி அறையில், எவர்சில்வர் குடங்களுக்கு நடுவில், வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார். வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"டாக்டரம்மா, எவ்வளவு நேரம் வேணாலும் பாருங்க. வெலைக்கு மட்டும் கேட்டுராதிய."

சரி அண்ணாச்சி என்றாள் ஜெபசுதா. துணியை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். கறுப்பு முகப்பில் ஒரு கீறல் இல்லை. அவர் ஒரு கேசட்டைப் போட்டு ஓடவிட்டார். கோயில் கொடை விழாவில் அவரே பதிந்த வில்லுப்பாட்டு. வில்லின் மணிகள் தனித்தனியாகக் கேட்டன. உடுக்கையின் தோலில் விரல் அழுந்துவதுகூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் பக்கம் முடிந்ததும் கேசட் பாதி வெளியே வந்து, கால்வாசி திரும்பி, கடகடவென்று உதறிவிட்டு அப்படியே நின்றது.

வெள்ளத்துக்குப் பிறகு இப்படித்தான் என்றார் சிவனணைந்தபெருமாள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழியில் ஆறு பஜாருக்குள் வந்தபோது, கடைச் சாமான் அத்தனையும் தண்ணீரில் மிதக்க, அவர் முதலில் தூக்கியது இந்த டெக்கைத்தான். இடுப்பளவு தண்ணீரில் தலையில் வைத்துக்கொண்டு வந்து, மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் ஒரு இடி. அவர் மனைவி இன்றுவரை வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டு இதைத் தூக்கிய கதையை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மெக்கானிக்குகளோ மூடியைத் திறக்கவே பயந்தார்கள்.

ஜெபசுதா கைப்பையைத் திறந்தாள். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி, டார்ச், திருப்புளிகள். அவர் கொஞ்ச நேரம் தயங்கி, பிறகு தானே மூடியைக் கழற்றிக்கொடுத்தார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு வெள்ளைப் பற்சக்கரம். கண்ணாடியை உள்ளே விட்டுச் சாய்த்துப் பார்த்தவள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இதுக்கு ரெண்டு பல்லு போயிருக்கு."

அவர் அவளையே பார்த்தார். "கட்டிர முடியுமா?"

"அதுதான எனக்கு வேலை."

சக்கரத்தை ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தனுப்பினார். அன்று மாலைக்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

அந்த வாரம் கிளினிக்கில் நோயாளிகளுக்கு இடையே கிடைத்த நேரமெல்லாம் அந்தச் சக்கரத்துக்குத்தான் போனது. உடைந்த இடத்தில் மெழுகு வைத்து, பக்கத்துப் பற்களைப் பார்த்து இரண்டு பல்லைச் செதுக்கினாள். பிறகு வாய்க்கு அளவெடுக்கும் அதே சிலிகான் பசையில் முழுச் சக்கரத்துக்கும் அச்சு எடுத்து, செயற்கைப் பல் செய்யும் பிசினை ஊற்றினாள். நர்ஸ் விஜிலா சிரிக்காமல், இந்தப் பேஷன்ட்டுக்கும் ஃபைல் போடணுமா டாக்டர் என்று கேட்டாள்.

முதல் சக்கரத்தில் ஒரு பல்லுக்குள் காற்றுக்குமிழி. இரண்டாவது நன்றாக வந்தது. ஆனால் அவசரப்பட்டு நடுத்துளையைப் பெரிதாகத் துளைத்துவிட்டாள், டெக்குக்குள் சுழலும் கம்பியில் மாட்டினால் ஆடும். மூன்றாவதுக்கு அவசரமே படவில்லை. துளையைக் கையாலேயே உரசி உரசி அளவுக்குக் கொண்டுவந்தாள். லென்ஸ் வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. எழுந்து நின்று அந்தச் சின்ன வெள்ளைச் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து விஜிலாவிடம் காட்டினாள். ஸ்கூலில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது அவள் நின்ற தோரணை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷாமும் கூட வந்தான். ஏரலில் செய்தி பரவிவிட்டிருந்தது. டாக்டரம்மா மிஷினுக்குப் பல் கட்டிக்கொண்டு வருகிறார்களாம் என்று டீக்கடைக்காரர், எதிர்த்த ஜவுளிக்கடைக்காரர் என்று பத்துப் பேர் மாடிப்படியில் நின்றார்கள். ஜெபசுதா சக்கரத்தை மாட்டி, துளி கிரீஸ் தடவி, மூடியைத் திறந்துவைத்தபடியே, கேசட்டைத் திருப்பும் பட்டனை அவரிடம் காட்டினாள். நீங்களே அமுத்துங்க அண்ணாச்சி என்றாள்.

அவர் அமுத்தினார். கேசட் மெதுவாக வெளியே வந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு உதறல் இல்லாமல் அரைவட்டம் திரும்பி, உள்ளே போய் அமர்ந்து, வில்லுப்பாட்டின் மறுபக்கம் தொடங்கியது. மாடிப்படியில் கைதட்டினார்கள். சிவனணைந்தபெருமாள் மறுபடி அமுத்தினார். மறுபடி. பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை என்று அவர்களை முன்னால் வரச்சொல்லி மறுபடி. ஷாம் எண்ணிக்கொண்டிருந்தான், பதினேழு தடவை.

பிறகு அவர் டெக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க டாக்டரம்மா. உங்ககிட்ட இருக்கதுதான் நியாயம்" என்றார்.

ஜெபசுதா டெக்குக்குப் பக்கத்தில் வந்தாள். பன்னிரண்டு வருடம். கையை நீட்டினால் போதும். ஆனால் அவர் சொன்னாரே தவிர, டெக்கின் மேலிருந்த கை அசையவே இல்லை. வெள்ளத்தில் இதைச் சுமந்த கை. வேண்டாம் அண்ணாச்சி, இது இங்கனயே இருக்கட்டும் என்றாள் அவள். அவர் ஒரு மரியாதைக்குக்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை. உடனே துணியை எடுத்து மூடிவிட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான்.

சிரித்து முடித்தபின் அவர் ஒரு உண்மையைச் சொன்னார். அந்தக் கப்பல் அதிகாரியிடம் இருந்தது ஒரு டெக் அல்ல, இரண்டு. மற்றதை வாங்கியவர் கயத்தாறில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த செந்தூர்வேல். அதுவும் திரும்பாமல் நின்றுபோய் பல வருடமாகப் பரணில் கிடக்கிறது என்று கேள்வி. தன்னுடையதுக்கு ஏதாவது ஒன்று என்றால் பாகம் கழற்றிக்கொள்ளலாம் என்று அவர் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. செந்தூர்வேலிடமும் கேட்கக் கூச்சம். முப்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மைக் செட் தகராறு.

"இப்பவே போன் போடுங்க" என்றாள் ஜெபசுதா.

போட்டார். அந்தப் பக்கம் செந்தூர்வேல், ஏலே, நீ இன்னும் அதை வச்சிருக்கியா என்று கேட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் ஜெபசுதா, ஷாம், அவர் என்று மூன்று பேரும் காரில் இருந்தார்கள். கயத்தாறு போய்ச் சேரும்வரை சிவனணைந்தபெருமாள் பின்சீட்டில் உட்கார்ந்து ஹெட், பெல்ட், மோட்டார் என்று பேசிக்கொண்டே வந்தார். காரை ஓட்டிய ஷாம் பக்கத்தில் பார்த்தபோது, தன் மனைவி முன்சீட்டில் முழுதாகத் திரும்பி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அவருக்குச் சரிக்குச் சரி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செந்தூர்வேல் டெக்கைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார். பழைய எதிரிகள் இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்க்காமல் டெக்கையே பார்த்தார்கள். மூடியைக் கழற்றினால் ரப்பர் பெல்ட்டுகள் உருகித் தாராகிக் கிடந்தன, அதே சக்கரத்தில் மூன்று பல் இல்லை. ஓடவைப்பவர்கள் கையில் இருப்பதுதான் சரி என்று சொல்லி செந்தூர்வேலே காரில் ஏற்றிவிட்டார். ஓடினால் தனக்கு ஒரு கேசட் பதிந்து தரவேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

தாரைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று. பெல்ட்டுகள் வரப் பதினைந்து நாள். சக்கரத்துக்கு அச்சு இருந்ததால் அது ஒரு மதியத்தில் முடிந்தது. மாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு வேளையில் ஜெபசுதா பட்டனை அமுத்தினாள். கேசட் வெளியே வந்தது, திரும்பியது, உள்ளே போனது. அவள் தன்னையறியாமல் ஷாமின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். உடனே ஏரலுக்குப் போன் போட்டு, டெக்கின் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள்.

சிவனணைந்தபெருமாள் மூன்று தடவை திரும்ப வைத்துக் கேட்டார். சத்தமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, எனக்குள்ளதை விட ஒரு பொட்டு வேகமாத் திரும்புதோ என்றார்.

"நேர்ல வந்து பாருங்க அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிழம வாரேன். செந்தூர்வேலையும் கூட்டிட்டு வாரேன். கேசட்டு நாங்க கொண்டாருதோம், நீங்க வேற எதையும் போட்டு வச்சிராதிய."