ஞானப்பூ வரைந்த ரோஜா

ராயபுரம் ஞானப்பூ 1952 கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகளைக் கையாலேயே செய்தாள். நறுக்கிய வெண்டைக்காயைச் சிவப்பு மையில் தொட்டுக் குத்தினால் பூ விழும். அதைச் சுற்றிப் பேனாவால் தளர்வாகக் கோடு இழுப்பாள். கோடு பூவை ஒட்டியே போனால் உயிர் இருக்காது என்பது அவள் கட்சி.

பக்கத்து வீட்டு ஜன்னத் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். "அக்கா, நண்டு சோக்கா கீது!"

"ரோஜாடி அது!"

"அப்போ சுத்தி இத்தினி காலு இன்னாத்துக்கு?"

ஞானப்பூ கோபத்தில் இரண்டு பக்கமும் இலை வரைந்தாள். நண்டுக்குக் கொடுக்கு முளைத்தது. ஜன்னத் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழப்போன ஞானப்பூவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அட்டைகள் அத்தனையையும் காசிமேட்டு மீன்காரர்கள் நண்டு என்றே வாங்கிப் போனார்கள். அடுத்த வருஷம் இறால் போட்ட அட்டை வேண்டுமென்று வந்தார்கள். ஞானப்பூ முல்லைக்கொடி வரைந்து கொடுத்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை.