மூன்றாவது பதில்

அலுவலகத்தில் அவனைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. 'கையேடு' என்றுதான் கூப்பிடுவார்கள். நிரலாளர்கள் செய்துவைக்கும் கருவிகளுக்கு உதவிப் பக்கம் எழுதுவது அவன் பிழைப்பு. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவனுடைய அக்கா. அவளும் அங்கேயே மூத்த நிரலாளராக இருந்தவள்.

மருந்துக்கடைகளுக்கான மென்பொருளை அவர்கள் நிறுவனம் செய்து விற்றது. ஒருநாள், இன்ன மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை ஒரு கடையின் திரையில் வராமல் போயிற்று. மருந்தை வாங்கிச் சென்ற பெண் இறந்துபோனாள். நிரலில் செய்த எந்தத் திருத்தத்தால் எச்சரிக்கை மறைந்தது என்று அலுவலகமே தலையைப் பிய்த்துக்கொண்டது.

அதைக் கண்டுபிடிக்கவென்றே அங்குள்ள நிரலாளர் ஒருவர் செய்த கருவி ஒன்று உண்டு. திருத்தத்துக்கு ஒன்றாகச் சேமித்து வைத்த பழைய பதிப்புகளில் நடுவில் உள்ளதை அது எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து 'சரி' அல்லது 'பழுது' என்று பதில் சொன்னால், ஒரு பாதியைக் கழித்துவிட்டு மீதியின் நடுவை நீட்டும். இப்படியே சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரே ஒரு திருத்தத்தில் போய் விரல் வைக்கும். அன்று அது விரல் வைத்தது அக்காவின் திருத்தத்தில்.

அது பாதி வேலை, மறுபாதி அடுத்த நாள் சேர்ந்தது, இடையில் எடுத்து ஓட்டினால் எப்படி ஓடும் என்று அக்கா மன்றாடிப் பார்த்தாள். மேலாளர் அந்தக் கருவியின் உதவிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இரண்டே பதில்கள் என்றிருந்தது. எழுதியவன் அவள் தம்பி.

சில நாள் வாதாடினாள்; பிறகு வாயடைத்துப் போனாள்; பிறகு வேலையை விட்டாள். இப்போது ஒரு துணிக்கடையில் துணி மடிக்கிறாள். தலைவலி மாத்திரையைக்கூட அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்த பிறகே விழுங்குகிறாள்.

அந்த உதவிப் பக்கம் புதியவர்களுக்குப் புரியவில்லை என்று புகார் வரவே, உதாரணம் சேர்த்துத் திருத்தும்படி மேலாளர் அவனிடம் சொன்னார். பதிப்புகள் அனைத்தும் பத்திரமாக இருந்ததால் பழைய எச்சரிக்கை விவகாரத்தையே எடுத்துக்கொண்டான். நடுவழியில் ஒரு பதிப்பு திறக்கவே மறுத்தது. திறக்காத திரையில் எச்சரிக்கை வருமா வராதா என்று யார் சொல்வது? தன் பக்கத்தையே நம்பி 'பழுது' என்று தட்டினான். தேடல் நேராக அக்காவிடம் போய் நின்றது.

கருவியைச் செய்தவரிடம் ஓடினான். அவர் தேநீர்க் கோப்பையிலிருந்து தலை தூக்கினார்.

"ஓடலன்னா 'தாண்டு'ன்னு அடிக்க வேண்டியதுதானே?"

"பக்கத்துல அப்படி ஒண்ணும் இல்லையே."

"பக்கத்த எழுதினதே நீதானே கையேடு? நீ கேக்கல, நான் சொல்லல."

மூன்றாவது பதிலைத் தட்டியதும் தேடல் அக்காவின் பாதி வேலையைக் கடந்து, வெகு நாள் கழித்துச் செய்த வேறொரு திருத்தத்தில் நின்றது. அதைச் செய்தவர் எப்போதோ நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார்.

'தாண்டு' பற்றி அவன் எழுதிய புதிய பத்தியை மேலாளர் ஏற்றார், உதாரணத்தை அடித்துவிட்டார். முடிந்துபோன கதையைக் கிளறினால் நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போலாகும் என்றார். அடிக்காத பிரதியை அவன் வீட்டுக்கு எடுத்துப் போனான். அக்கா சாப்பாட்டு மேசையில் வைத்து, வரிவரியாகப் படித்தாள்.

"அப்ப நான் இல்ல."

"இல்லக்கா. நீ இல்லவே இல்ல."

"அன்னிக்கே சொன்னேன்டா. எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் கொன்னுட்டேன்னு நானே நம்பிட்டேன்."

மேலாளர் உதாரணத்தை அடித்ததைச் சொல்லி, அவரிடம் திரும்பப் பேசுவதாகவும், அவள் பழைய இடத்துக்கே வந்துவிடலாம் என்றும் படபடவென்று சொன்னான். அவள் காகிதத்தை நீவிவிட்டபடி இருந்தாள்.

"வந்து? நான் இல்லன்னா, அந்தம்மா எழுந்து வந்துருவாங்களா?"

காகிதத்தை அவள் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"என் பேரு வேணாம்டா. அந்த உதாரணத்த மட்டும் எடுத்துடாத. ஒருத்தங்க செத்ததாலதான் தேடினோம்னு அதுல இருக்கட்டும். பதில் தட்டறவன் கொஞ்சம் நிதானிப்பான்."

மறுநாள் காலை பக்கம் வெளியாயிற்று. மேலாளர் அடித்த உதாரணம் அப்படியே அதில் இருந்தது. சற்று நேரத்தில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அக்கா அந்நேரம் கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.